மருமகன் கேட்ட காடு

மெபானே
12 அக்டோபர் 2017

மருமகன் ஜெர்வேக்கு,

உன் தாயின் அண்ணன் எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். உன் அத்தை ஒயானே உயிரோடு இருக்கிறாள். வாழைத்தோட்டம் உயிரோடு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை யானைகள் வந்தன. வெயில் ஏறிய பிறகுதான் வந்தன, நன்றாகக் கவனி. முன்பெல்லாம் திருடன்போல வரும். இப்போது சொந்தக்காரன்போல வருகின்றன. மரவள்ளியைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதிர்த்துத் தின்றன. வாழையை நடுவில் பிளந்து தண்டை உருவின. பெண்கள் சட்டி தட்டினார்கள். நீ அதிகாரியாக இருக்கும் வனப்பூங்காவின் காவலன் ஒருவன் பின்னால் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, சத்தம் போடச் சொல்லாதீங்க. குட்டி மிரண்டுடும்" என்றான்.

"குட்டி மிரளுதுன்னு நீ பாக்குற. என் வீட்டு அடுப்பு மிரண்டு கிடக்கே, அதை யாருய்யா பாக்குறது?" என்று கேட்டேன். அதையும் அவன் படம் எடுத்தான்.

ஜெர்வே, நடந்ததை உனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. எலோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் பழைய ஊர்நிலத்தைக் கேட்டு யார்தான் வரவில்லை? மரக் கம்பெனிக்காரன் வந்தான். எண்ணெய்ப்பனைக்காரன் வந்தான். அமைச்சகத்து ஆட்கள் தொப்பியோடு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: இல்லை. கடைசியில் பூங்காக்காரர்கள் உன்னை அனுப்பினார்கள். கெட்டிக்காரர்கள்.

ஆண்கள் கூடும் கொட்டகையில், பூங்காவுக்குப் பணம் கொடுக்கும் வெள்ளைக்கார அம்மாளுக்கும் அதிகாரிகளுக்கும் முன்னால் நீ எழுந்து நின்றாய். "மாமா, நான் உங்க மருமவன். எலோவுக்கு அந்தப் பக்கம் இருக்குறதை எனக்குக் குடுங்க" என்றாய். கொட்டகையே சிரித்தது. நீ சின்ன வயதில் என் கோழிக்கூட்டில் கைவிட்டு, ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். சகோதரி மகன் கேட்டால் மாமனுக்கு இல்லை என்று சொல்ல வாய் கிடையாது. அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாய். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் அந்த வழக்கத்துக்கு மறுபாதியும் உண்டு. மருமகன் எடுத்ததை மருமகனே உண்ண வேண்டும். இன்னொரு கைக்கு மாற்றக் கூடாது. நீ வாங்கிய அதே மத்தியானம் பூங்காவுக்கு மாற்றிக் கொடுத்தாய். அதையும் விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் நீ ஒரு வாக்குக் கொடுத்திருந்தாய்: பூங்காவின் எல்லை உப்பு ஓடையோடு நின்றுவிடும், ஆற்றுக்கும் ஓடைக்கும் நடுவே உள்ள எங்கள் தோட்டங்கள் வெளியே இருக்கும் என்றாய். இப்போது ஆற்றங்கரையிலேயே எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். என் வாழை பூங்காவுக்குள் இருக்கிறதாம்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். மரக்கிடங்கில் வேலை பார்த்தபோது அடிமரங்களின் முனையில் அடித்திருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். ஆனால் எது ஓடை, எது ஆறு என்று எனக்குத் தெரியும். எல்லையை ஓடைக்கே தள்ளு. வேறொன்றும் கேட்கவில்லை. மழை தொடங்கிவிட்டது, கன்று நடப் போகிறேன்.

உன் தாயின் அண்ணன்,
எத்சாங் பியோகே


லிப்ரவில்
20 நவம்பர் 2017

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகனின் வணக்கம். உங்கள் கடிதம் மகோகு நகரத்துக்குப் போய், அங்கே சிற்றுந்து ஓட்டுநரின் சட்டைப்பையில் பல நாள் கிடந்து, எண்ணெய்க் கறையோடு வந்து சேர்ந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே கோபம் தெரிந்தது. தாளே கிழிந்துபோகும்படி அழுத்தி எழுதியிருக்கிறீர்கள்.

தோட்டத்தை நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் மாமா, நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். சாலைக்கு மறுபக்கம் மரக் கம்பெனி செய்ததைப் பார்த்தீர்களே. அங்கே மோவாபி மரம் ஒன்றாவது மிச்சமா? ஓடைகள் சேறாகிவிட்டன, மீன் இல்லை. நான் அன்று கேட்காமல் இருந்திருந்தால், எலோவுக்கு அந்தப் பக்கமும் இந்நேரம் சிவந்த மண்ணாகத்தான் கிடந்திருக்கும். யார் கைக்காவது போகத்தான் போகிறது என்றான பிறகு, மரத்தை வெட்டாத கைக்குப் போகட்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். யானை பார்க்க வரும் விருந்தாளிகள் இருக்கும்வரை அந்தக் காட்டில் கோடரி விழாது.

எல்லை விஷயம் தவறுதான். வரைபடம் வரைந்தவர் பாரிஸில் இருக்கிறார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அவருக்கு ஆறு தெரிந்தது, உப்பு ஓடை மரங்களுக்கு அடியில் மறைந்துவிட்டது. திருத்தச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறேன். அதுவரை பொறுங்கள். தோட்டத்தைச் சுற்றி மின்வேலி போட ஏற்பாடு செய்துவிட்டேன், ஜனவரிக்குள் வந்துவிடும். உங்கள் அண்ணன் மகன் லாந்திரிக்குப் பூங்கா விடுதியில் வழிகாட்டி வேலை சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கூரையில் செருகியிருக்கும் துப்பாக்கியை இறக்காதீர்கள். யானை விஷயத்தில் சட்டம் யார் என்று பார்க்காது.

இன்னொரு செய்தி. நான் தகப்பனாகப் போகிறேன். ஒதேத் கர்ப்பமாக இருக்கிறாள். ஏப்ரலில் என்கிறார்கள். இதைக் கேட்க அம்மா இல்லை. அதனால் உங்களிடம் முதலில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக் கோழித் திருடன்,
ஜெர்வே


மெபானே
28 ஜனவரி 2018

மருமகன் ஜெர்வேக்கு,

ஒதேத்தின் செய்தியை வாசித்ததும் உன் அத்தை ஊரே கேட்கக் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டார் சாவு என்று நினைத்து ஓடிவந்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதுவதால் என் கோபம் போய்விட்டது என்று எண்ணாதே. இரண்டும் ஒரே வயிற்றில் இருக்கின்றன.

வேலி வந்தது. ஒற்றைக் கம்பி. அதற்கு உயிர் கொடுக்க ஒரு பாட்டரி. பத்து நாள் யானைகள் கம்பியை முகர்ந்து பார்த்துத் திரும்பிப் போயின. உன்னை வாழ்த்தக்கூட நினைத்தேன். பிறகு ஒரு காலை பாட்டரியைக் காணவில்லை. விடுதிக்குப் போனேன். உன் வெள்ளைக்கார மேலாளர் தூங்கு ஊஞ்சலில் படுத்திருந்தார். லாந்திரிதான் வெளியே வந்தான், சீருடையில்.

"பாட்டரி எங்கடா?"

"சித்தப்பா, மெதுவாப் பேசுங்க. குளிர்ப்பெட்டி பாட்டரி செத்துப்போச்சு. விருந்தாளிங்களுக்கு பீர் சூடாயிடுச்சாம். ரெண்டு நாளைக்குத்தான்."

"அவன் பீர் சூடானா என் வாழையை யானைக்குக் குடுப்பியா?"

"நான் எங்க குடுத்தேன்? யானையில்ல வந்து எடுத்துக்குது."

"நல்லா பேசக் கத்துக்கிட்ட. நீயும் இனிமே சொந்தக்காரன் கிடையாது, காட்டு மிருகம்தான். உன்னையும் படம் எடுப்பாங்க, போ."

அவன் சிரித்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். பாட்டரி திரும்பி வரவில்லை. கம்பியில் இப்போது உன் அத்தை துணி காயப்போடுகிறாள்.

ஓபியாங் குடும்பம் மகோகுவுக்குப் போய்விட்டது. விதவை ஆந்தேமே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தோட்டம் போட முடியாத ஊரில் யார் இருப்பார்கள்? சாலைப் பக்கம் போனால் கம்பெனி நிலம், ஆற்றுப் பக்கம் போனால் உங்கள் நிலம். நடுவில் கொட்டகையும் கல்லறைகளும் மட்டும் எங்களுடையவை. உன் அம்மாவின் கல்லறையில் புல் பிடுங்கியிருக்கிறேன்.

அக்டோபரில் நட்ட கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. உனக்குப் பிறக்கும் பிள்ளை ஆறு மாதம் ஆனதும் முதல் கவளம் உண்ண வேண்டும். அது தகப்பனுடைய தாய்மாமன் தன் தோட்டத்தில் விளைவித்து, தன் கையால் மசித்து ஊட்டும் வாழைக்காய். அந்தக் கவளம் உண்ட பிள்ளைதான் நம் வீட்டுப் பிள்ளை. அது இல்லாமல் வளர்ந்தால், பிறகு வந்து என் கூட்டில் கோழியைப் பிடிக்க அதற்கு உரிமை இல்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தைக் காப்பாற்று. என் வயிற்றுக்காகக் கேட்டேன், நீ கேட்கவில்லை. இப்போது உன் பிள்ளையின் வாய்க்காகக் கேட்கிறேன்.

உன் தாயின் அண்ணன்,
எத்சாங் பியோகே


லிப்ரவில்
17 ஏப்ரல் 2018

அன்புள்ள மாமாவுக்கு,

ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம். பிறந்ததும் அழவில்லை, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எல்லோரையும் குற்றவாளிபோலப் பார்த்தான். மருத்துவச்சி, "யாரு சாயல் இது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் யார் சாயல் என்று. அதனால் அவனுக்கு எத்சாங் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒதேத்தின் வீட்டார் முகம் சுளித்தார்கள், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு கவளம் ஊட்டலாமா? பயணத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். நீங்கள் இங்கே வர வேண்டும், அத்தையும் வர வேண்டும்.

எல்லை பற்றி எழுதவே கை கூசுகிறது. மனு இயக்குநர் மேசையில் இருக்கிறது. போன வாரம் அவர் அறைக்குள் போய் நேரடியாகக் கேட்டேன். "ஜெர்வே, இது பூங்கா விஷயமா, இல்ல உங்க மாமா வீட்டு விஷயமா?" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவர் சிரித்தார். எல்லையை ஒரு முறை அசைத்தால், எண்ணெய்ப்பனைக்காரர்கள் "எங்களுக்கும் அசையுங்கள்" என்று வந்து நிற்பார்களாம். அதுவும் பொய் இல்லை மாமா. அவர்கள் வாசலில்தான் நிற்கிறார்கள். ஜூனில் பூங்காக் குழு கூடும்போது நானே பேசுகிறேன்.

பெயரை நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக் கோழித் திருடன்,
ஜெர்வே


எலோ ஆற்றின் மறுகரை, தோட்டக் குடிசை
8 ஜூலை 2018

மருமகன் ஜெர்வேக்கு,

பெயரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். வியர்வையில் எழுத்து கரைந்துவிட்டது, பெயர் இருந்த இடம் மட்டும் எனக்குத் தெரியும்.

உன் அத்தை போய்விட்டாள். ஜூன் மாதத்தில் ஒரு நாள் யானைகள் மிச்சமிருந்த மரவள்ளியை முடித்தன. அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் என் தம்பி வீட்டுக்கு ஓயெம் போறேன். நீங்க வர்றீங்களா?" என்றாள்.

"வாழை பூத்திருக்கு. இப்ப விட்டுட்டு வரச் சொல்றியா?"

"அப்ப அந்த வாழையோடயே குடும்பம் நடத்துங்க. அதாவது உங்க பேச்சைக் கேக்குமான்னு பாருங்க."

போகும்போது திரும்பி வந்து உப்பையும் சிறு கத்தியையும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் இங்கே தோட்டத்திலேயே இருக்கிறேன். யானைச் சாணத்தில் மிளகாயை இடித்துப் பிசைந்து, கட்டியாகக் காயவைத்து, நான்கு மூலையிலும் புகையப்போடுகிறேன். அந்தப் புகை யானைக்கு ஆகாது. எனக்கும் ஆகவில்லை. கண் எரிந்து எரிந்து இடது கண்ணில் வெள்ளையாகப் படர்கிறது. காற்று திரும்பினால் புகை என் பக்கம் வருகிறது, யானை வாழைப் பக்கம் வருகிறது. உங்கள் விருந்தாளிகள் படகில் போகும்போது என் புகையைப் பார்த்துக் கை அசைக்கிறார்கள். ஏதோ சடங்கு என்று லாந்திரி சொல்லியிருப்பான்.

நட்டதில் ஒரே ஒரு தார் நிற்கிறது. குடிசைக் கதவை ஒட்டி நின்றதால் பிழைத்தது. அதற்குக் கவைக்கொம்பு முட்டுக் கொடுத்திருக்கிறேன். பசித்தாலும் அதைத் தொடுவதில்லை. காட்டுக் கிழங்கும் ஆற்று நண்டும் எனக்குப் போதும்.

ஜெர்வே, நான் யாரிடமும் கெஞ்சியவன் இல்லை. மரக்கிடங்கு முதலாளி என் கன்னத்தில் அறைந்தபோதுகூட வேலையை விட்டேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்கிறேன். வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போட அனுமதித்து ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. எல்லையை நகர்த்த முடியாவிட்டால் போகட்டும், இந்தத் தார் முற்றும்வரையாவது. யானையைச் சுட மாட்டேன். உன் மகன் மேல் ஆணை.

உன் தாயின் அண்ணன்,
எத்சாங் பியோகே


லிப்ரவில்
19 ஆகஸ்ட் 2018

அன்புள்ள மாமாவுக்கு,

என்னால் அந்த ஒரு வரியை எழுத முடியாது. எழுதினால் மறுநாளே என்னை நீக்கிவிடுவார்கள். என் இடத்துக்கு வருகிறவனுக்கு உப்பு ஓடை என்ற பெயர்கூடத் தெரியாது. ஜூனில் கூட வேண்டிய குழு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று மூன்று வாரம் விடுதிக்குப் புதுப் படிக்கட்டுப் பற்றிப் பேசினோம். நான் அங்கே உட்கார்ந்து உங்கள் கண்ணைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

தந்தத்தை விளைபொருள் மூட்டைகளில் ஒளித்துக் கடத்துகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் பூங்காவிலிருந்து எந்த விளைபொருளும் ஆற்றைத் தாண்டக் கூடாது என்று இந்த மாதம் புது அறிவிப்பு. என் கையெழுத்தில்தான் போகிறது. நான் போடாவிட்டால் வேறொருவர் போடுவார். அது வெளியாட்களுக்கானது, உங்களுக்கு அல்ல.

மாமா, தயவுசெய்து அந்தக் குடிசையை விட்டு வெளியே வாருங்கள். தாருக்காக உயிரைக் கொடுக்காதீர்கள். மகோகு சந்தையில் நல்ல வாழைக்காய் கிடைக்கிறது. ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் தோட்டத்துக் காய் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கா தெரியப்போகிறது? ஒதேத்துக்கா தெரியப்போகிறது? எங்களுக்கு வேண்டியது நீங்கள்தான்.

குட்டி எத்சாங் இப்போது குப்புற விழுகிறான். கையில் கிடைத்ததை விடமாட்டேன் என்கிறான்.

உங்கள் வீட்டுக் கோழித் திருடன்,
ஜெர்வே


மெபானே
14 அக்டோபர் 2018

ஜெர்வேக்கு,

முதல் ஞாயிறு போய்விட்டது. நீங்கள் எல்லோரும் காத்திருந்திருப்பீர்கள். ஏன் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

தார் முற்றியது. முழுதாக முற்றியது, காய்களின் விளிம்பு உருண்டு, நுனிப் பூ உதிர்ந்து, அழகாக நின்றது. பொய் சொல்லவில்லை, என் வாழ்நாளில் அப்படி ஒரு தார் வெட்டியதில்லை. வாழை இலையில் சுற்றி, கொடியால் கட்டி, தோளில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். சவரம் செய்திருந்தேன்.

படகுத்துறையில் இப்போது ஒரு கூடாரமும் தடைக்கட்டையும் இருக்கின்றன. காவலன் போர்-ஜென்திய் பக்கத்துப் பையன். கடற்கரைக்காரன், மரியாதை தெரிந்தவன்.

"பெரியவரே, அது என்ன?"

"வாழைத்தார். என் மருமவன் பிள்ளைக்கு."

"எங்க வெட்டுனீங்க?"

"என் தோட்டத்துல."

"தோட்டம் எந்தப் பக்கம்?"

நான் திரும்பிக் கை காட்டினேன். பொய் சொல்லியிருக்கலாம். கை தானாக அந்தப் பக்கம் போனது. பிறந்ததிலிருந்து யார் கேட்டாலும் அந்தப் பக்கம்தான் காட்டியிருக்கிறேன்.

அவன் கூடாரத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினான். "படிக்கத் தெரியுமா?" என்றான். படித்தேன். கீழே உன் கையெழுத்து. உன் பெயரின் முதல் எழுத்துக்கு நீ போடும் சுழி எனக்குத் தெரியும். என் வீட்டுத் தரையில், கரித்துண்டால், அந்த எழுத்தை எழுதிக் காட்டியவன் நான்.

"இதை எழுதினவனோட மகனுக்குத்தான்யா இது" என்றேன்.

அவன் ரொம்ப நேரம் சிரித்தான். கேலி இல்லை, நல்ல வேடிக்கை சொன்ன கிழவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "எல்லாரும் பெரிய ஆளுங்க பேரைத்தான் சொல்றாங்க பெரியவரே" என்று சொல்லித் தாரை வாங்கி உள்ளே வைத்தான். நான் தடைக்கட்டையில் உட்கார்ந்தேன். மத்தியானம் அவனும் இன்னொருவனும் அதைச் சீவி எண்ணெயில் பொரித்தார்கள். ஒரு தட்டில் எடுத்து வந்து, "சாப்பிடுங்க, மயக்கம் வர்ற மாதிரி இருக்கீங்க" என்று நீட்டினான். மனசாரத்தான் நீட்டினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் சாப்பிடவில்லை. மணம் மட்டும் வந்தது. நன்றாகத்தான் விளைந்திருந்தது.

நீ கெட்டவன் இல்லை, ஜெர்வே. காடு நிற்கிறது. நீ சொன்னபடி அந்தப் பக்கம் ஒரு மரம்கூட விழவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன வாரம் மரக் கம்பெனி ஆள் மறுபடி கொட்டகைக்கு வந்தான். பூங்காவின் வடக்கு ஓரத்தில் மோவாபி எங்கெங்கே நிற்கிறது என்று தெரிந்த ஆள் வேண்டுமாம். முன்பு அவன் செருப்பைக் கழற்றும் முன்பே இல்லை என்று சொல்லி அனுப்பியவன் நான். இந்த முறை அவன் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்ல வரவில்லை. அவன் நாளைக் காலை திரும்பி வருவான். இதை நீ என் வாயிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

இந்த மழைக்குக் கன்று நடவில்லை. மருமகன் என்றால் எடுக்க வருகிறவன். எடுக்க ஒன்றும் இல்லாத வீட்டுக்கு மருமகன் எப்படி இருப்பான்? உன்னைத் தள்ளிவைக்கவில்லை, சபிக்கவும் இல்லை. துப்பிச் சபிக்க என்னிடம் எச்சில் இல்லை. கூட்டில் கோழியும் இல்லை.

பிள்ளை பசியோடு இருக்கக் கூடாது. ஆறு மாதம் தாண்டிவிட்டது. மகோகு வரை போக வேண்டாம், உங்கள் ஊர்ச் சந்தையிலேயே நல்ல காயாகப் பார்த்து ஒதேத்தை வாங்கச் சொல். நன்றாக வேகவைத்து, நார் இல்லாமல் மசித்து, நீயே ஊட்டு.

என் தோட்டத்துக் காய் என்று மட்டும் அவனிடம் சொல்லாதே.

எத்சாங் பியோகே